டிரைவரைத் திறந்து வைத்தால் கருவி செய்பவருக்கு என்ன லாபம்?

காரைக்குடியில் நீங்கள் ஒரு மின்னணுக் கருவி செய்து விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடைக்கான எடை மெஷின், கல்லூரி லேப்புக்கான அளவுமானி, பேட்டரியைச் சோதிக்கும் பெட்டி, எதுவாகவும் இருக்கலாம். இந்த ஊருக்குப் பொருந்தாத ஆசை இல்லை அது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) 1953 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. அவர் பெயரில் 1952இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியில் ஆண்டுதோறும் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். கருவி செய்யத் தெரிந்தவர்களும் கருவி தேவைப்படுகிற லேப்புகளும் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

பெட்டி தயாராகிவிட்டது. இனி அது கம்ப்யூட்டரோடு பேச வேண்டும். அதற்கு ஒரு டிரைவர் எழுத வேண்டும். அந்த டிரைவரை எல்லோரும் படிக்கும்படி வெளியிடலாமா, பூட்டி வைக்கலாமா? பலர் இதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை, பூட்டிவிடுகிறார்கள். வெளியிடுவதுதான் லாபம், அதிலும் சின்ன நிறுவனத்துக்குக் கூடுதல் லாபம் என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். உங்களுக்கு எழக்கூடிய சந்தேகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், டிரைவர் என்றால் என்ன? கம்ப்யூட்டருக்கு உங்கள் கருவியின் பாஷை தெரியாது. கருவிக்குக் கம்ப்யூட்டரின் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவே நிற்கிற துபாஷிதான் டிரைவர் (இயக்கி). புதுப் பிரிண்டர் வாங்கினால் கூடவே ஒரு சி.டி. வருமே, அல்லது ‘வெப்சைட்டிலிருந்து டவுன்லோடு செய்துகொள்ளவும்’ என்று அட்டையில் எழுதியிருக்குமே, அதுதான்.

அதை ‘ஓப்பன் சோர்ஸ்’ ஆக்குவது என்றால்? டிரைவரின் சோர்ஸ் கோடை (புரோகிராமர் எழுதிய மூல வரிகளை) யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுப்பது. அந்த அனுமதிப் பத்திரத்துக்கு லைசென்ஸ் (உரிமம்) என்று பெயர்.

அப்படியானால் என் கருவியை இலவசமாகக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். கருவிக்கு நீங்கள் வைக்கிற விலைதான் விலை. சர்க்கியூட் வரைபடத்தையும் காட்ட வேண்டியதில்லை. திறந்து வைப்பது நடுவில் நிற்கும் அந்த டிரைவரை மட்டும்தான். டிரைவருக்கென்று தனியாக யாரும் காசு கொடுப்பதில்லை என்பதையும் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பது பெட்டி. டிரைவர் உங்களுக்கு வருமானம் தருவதில்லை, அது செலவு.

பூட்டி வைத்தால் என்ன கெட்டுவிடும்? இதற்கு எடை மெஷினையே எடுத்துக்கொள்வோம். மெஷினின் பின்பக்கம் பாருங்கள். பல மெஷின்களில் ஒன்பது முனை கொண்ட ஒரு சீரியல் போர்ட் இருக்கும். தட்டில் பொருளை வைத்ததும் எடையை ஒரு வரி எழுத்தாக அந்த வழியே அனுப்பும். பில்லிங் மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும். இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்த ஒன்பது முனைத் துளை கிடையாது, யு.எஸ்.பி. மட்டும்தான். ஆகவே நடுவில் ஒரு கேபிள் போடுவார்கள். கேபிளின் தலைக்குள் நகத்தளவு ஒரு சிப் இருக்கும். சீரியலை யு.எஸ்.பி.யாக மாற்றுவது அந்தச் சிப்தான். அதற்கு ஒரு டிரைவர் வேண்டும்.

இந்தச் சிப்புகளில் பேர்பெற்றது ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்துடையது. சந்தையில் அதன் போலிகள் ஏராளமாகப் புழங்கின. 2014 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் ஒன்று, விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாகவே வந்து இறங்கியது. போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிடும்படி அது செய்யப்பட்டிருந்தது. அடையாளம் போன சிப்பைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. நேற்று வரை வேலை செய்த கருவி இன்று செத்துக் கிடக்கும். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவரை நிறுவனம் திரும்பப் பெற்றது. 2016இல் இன்னொரு டிரைவர் வந்தது. இது சிப்பைக் கொல்லவில்லை. கருவி அனுப்பும் தகவலுக்குப் பதிலாக ‘இது அசல் சிப் இல்லை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தை அனுப்பியது. எடை வர வேண்டிய இடத்தில் அந்த வாக்கியம் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

போலிச் சிப் போட்டது தப்புதானே என்று கேட்பீர்கள். போலி செய்தவர் மேல் தப்பு உண்டு. ஆனால் கருவி செய்தவர்களில் பலர் அசல் என்று நம்பிக் கடையில் வாங்கிப் போட்டவர்கள். அவர்களுடைய வாடிக்கையாளருக்குச் சிப்பின் பெயர்கூடத் தெரியாது. அவர் பார்ப்பது பெட்டியின் மேல் இருக்கும் பெயரை. அது உங்கள் பெயராக இருந்தால் போன் உங்களுக்குத்தான் வரும்.

அசல் சிப்பே போட்டிருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. தைவானின் புரொலிஃபிக் நிறுவனம் தன் பழைய சிப் வகைகளைப் புதிய விண்டோஸ் டிரைவரிலிருந்து நீக்கிவிட்டது. புது கம்ப்யூட்டரில் அந்தக் கேபிளைச் செருகினால், இந்த வகை 2012இலேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி வரும். கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. சிப்பும் பழுதில்லை. பூட்டிய டிரைவரின் சாவி வைத்திருப்பவர் இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

இதே சிப்புகள் லினக்ஸில் என்ன ஆயின? லினக்ஸ் என்பது 1991இல் பிறந்த, சோர்ஸ் கோடு திறந்திருக்கும் இயங்குதளம். அதன் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) இந்த இரண்டு நிறுவனச் சிப்புகளுக்குமான டிரைவர்கள் திறந்த நிலையில் இருக்கின்றன. பழைய புரொலிஃபிக் சிப் அங்கே இன்றும் வேலை செய்கிறது. எஃப்.டி.டி.ஐ. விவகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எண் பூஜ்யமாகிச் செத்துக் கிடந்த சிப்புகளையும் அடையாளம் கண்டு வேலை வாங்கும்படி, அதே 2014இல் லினக்ஸ் டிரைவரில் ஒரு சின்னத் திருத்தம் சேர்த்தார்கள். பயன்படுத்துபவர் கையில் இருக்கும் கருவி ஓட வேண்டும் என்பது மட்டும்தான் அங்கே கணக்கு.

சரி, டிரைவரை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே? முடியாது. செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இயங்குதளம் மாறிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ‘உங்க மெஷின் புது சிஸ்டத்துல எடுக்க மாட்டேங்குதே’ என்று வாடிக்கையாளர் கேட்பார். டிரைவர் எழுதிய பையன் அதற்குள் வேலை மாறிப் பெங்களூரு போயிருப்பான். அவன் எழுதியது என்னவென்று புரிந்த ஆள் கடையில் இருக்க மாட்டார். சின்ன நிறுவனங்களில் இது அடிக்கடி நடப்பது.

இந்தப் பாரத்தை இறக்கி வைக்க ஒரு வழி உண்டு. உங்கள் டிரைவரை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுவது. கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. அதன் உள்கட்டமைப்பு ஓயாமல் மாறுகிறது. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது: உள்கட்டமைப்பை மாற்றுகிறவரே, அந்த மாற்றத்தால் பாதிக்கப்படும் எல்லா டிரைவர்களையும் திருத்திக் கொடுக்க வேண்டும். உங்கள் டிரைவர் உள்ளே இருந்தால் அதையும் சேர்த்துத் திருத்துவார்கள். நீங்கள் கேட்கக்கூட வேண்டியதில்லை. வெளியே வைத்திருந்தால் ஒவ்வொரு பதிப்புக்கும் நீங்களே மாரடிக்க வேண்டும்.

இதை யார் காசுக்குச் செய்கிறார்கள்? இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் தேவைக்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பொறியாளர்கள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறார்கள். தன்னார்வலர்களும் உண்டு. 2007இல் கெர்னலின் முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கருவி செய்பவர்கள் தொழில்நுட்ப விவரத்தைக் கொடுத்தால் போதும், டிரைவரை நாங்களே இலவசமாக எழுதி, கெர்னலில் சேர்த்து, பராமரிக்கிறோம் என்றார். எழுத நிறையப் பேர் முன்வந்தார்கள். விவரம் கொடுக்க வந்த நிறுவனங்கள்தான் குறைவாக இருந்தன.

உங்கள் வாடிக்கையாளருக்கு இதனால் என்ன? உங்கள் கருவியைச் செருகுவார், அது ஓடும். சி.டி. தேட வேண்டாம், டவுன்லோடு வேண்டாம். அதோடு கருவியின் ஆயுளும் நீளும். ஆய்வுக்கூடங்களில் பலரும் பார்த்திருக்கும் காட்சி இது: பல லட்ச ரூபாய்க் கருவி ஒன்று நல்ல நிலையில் நிற்கும், பக்கத்தில் அதற்கென்றே விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். இணையத்தோடு இணைக்கக் கூடாது, அணைக்கவும் பயம், பென் டிரைவில்தான் தரவை எடுக்க வேண்டும். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. கருவியின் டிரைவர் வேறு எதிலும் ஓடாது என்பதால் இந்தப் பாடு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அளவுக் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்க 1970களில் தரமாக்கப்பட்ட ஜி.பி.ஐ.பி. என்ற தடிமனான கேபிள் முறை ஒன்று உண்டு. பழைய லேப்புகளில் இன்றும் இருக்கிறது. அதற்கான திறந்த டிரைவர்கள் 2025 ஜனவரியில் வெளியான 6.13ஆம் கெர்னலின் சோதனைப் பகுதியில் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ ஐம்பது வயதுத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறவர்களே காப்பாற்றுகிறார்கள். பூட்டிய டிரைவருக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கிடைக்காது.

கருவி நீண்ட நாள் ஓடினால் புதிது யார் வாங்குவார்கள், விற்பனை படுத்துவிடாதா? நியாயமான பயம். ஆனால் நடந்தது வேறு. லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற வீட்டு ரவுட்டரைப் பாருங்கள். அதற்குள் லினக்ஸ் இருந்தது. லினக்ஸின் உரிமப்படி அதன் சோர்ஸ் கோடை வெளியிட வேண்டிய கட்டாயம் 2003இல் வந்தது, வெளியிட்டார்கள். அதை வைத்து ஆர்வலர்கள் புதிய மென்பொருள்கள் செய்தார்கள். ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற ரவுட்டர் இயங்குதளமே அதிலிருந்து பிறந்தது. பிறகு நிறுவனம் செலவைக் குறைக்க லினக்ஸை எடுத்துவிட்டு வேறு மென்பொருளுக்கு மாறியது. பழையதைத்தான் வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்டதால், 2005இல் லினக்ஸ் உள்ள வகையை ‘ஜி.எல்.’ என்ற பெயரில் தனியாக விற்க ஆரம்பித்தார்கள். வை-ஃபையில் தலைமுறைகள் மாறிய பிறகும் பத்தாண்டுக்கு மேல் அது விற்பனையில் இருந்தது. மின்னணுப் பொருளுக்குப் பத்தாண்டு விற்பனை என்பது அபூர்வம். திறந்திருந்தது என்பது அதை வாங்க ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் நாட்டிலேயே உண்டு. புதுடெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் விஞ்ஞானி பி.பி. அஜித்குமார் வழிநடத்திய குழு ‘எக்ஸ்ப்ஐஸ்’ என்ற சின்னப் பெட்டியை வடிவமைத்தது. உள்ளங்கையில் அடங்கும். ஆஸிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி), அலை உற்பத்தி, மின்னழுத்த அளவீடு எல்லாம் அதற்குள்ளேயே. இயற்பியல் சோதனைகள் பலவற்றை ஒரு மாணவர் மேசையிலேயே செய்துவிடலாம். வடிவமைப்பும் மென்பொருளும் திறந்தவை.

அந்தப் பெட்டி கம்ப்யூட்டரோடு எப்படிப் பேசுகிறது? இங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அவர்கள் புதிதாக ஒரு கெர்னல் டிரைவர் எழுதவில்லை. எல்லா லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருக்கிற பொது சீரியல் டிரைவர் புரிந்துகொள்ளும் சிப்பைப் போட்டார்கள். அதற்கு மேலே பைத்தான் மொழியில் மென்பொருள் எழுதினார்கள். அது டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின் களஞ்சியத்திலேயே சேர்ந்துவிட்டது. கருவியை நம் நாட்டுத் தயாரிப்பாளர்கள் செய்து விற்கிறார்கள். மென்பொருளைப் பராமரிக்கத் தனித்தனியாக ஆள் வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

காரைக்குடிக்கு இன்னும் நெருக்கமாக வருவோம். மின்வேதியியல் லேப்பில் தினமும் வேண்டிய கருவி பொட்டன்ஷியோஸ்டாட் (மின்வாயில் குறிப்பிட்ட மின்னழுத்தத்தை நிலையாக வைத்து, ஓடும் மின்னோட்டத்தை அளப்பது). வெளிநாட்டுக் கருவிகளின் விலை லட்சங்களில். 2011இல் அமெரிக்காவின் சாண்டா பார்பரா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ‘சீப்ஸ்டாட்’ என்று ஒன்றைச் செய்து காட்டினார்கள். 80 டாலருக்குள் செய்துவிடலாம். சர்க்கியூட், மென்பொருள் எல்லாம் வெளிப்படை. துல்லியத்தில் அது லட்ச ரூபாய்க் கருவிக்கு ஈடாகாது. ஆனால் எம்.எஸ்ஸி. வகுப்பில் மாணவருக்கு ஒன்று என்று கொடுக்க அது போதும். இந்த இடைவெளியில்தான் உங்களைப் போன்றவருக்கு வேலை இருக்கிறது: உறுதியான பெட்டி, அளவு சரிபார்த்த சான்று, பழுதானால் மறுநாள் வந்து நிற்கும் ஆள். திறந்த டிரைவரோடு இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் கல்லூரிகள் ஏன் வாங்காது?

லினக்ஸ் யார் வைத்திருக்கிறார்கள், எல்லோரிடமும் விண்டோஸ்தானே? கடைவீதியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அரசுப் பக்கம் திரும்பிப் பாருங்கள். தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில், சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கொடுத்தார்கள். பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. பக்கத்துக் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில் ஓடுகின்றன. மத்திய அரசு 2015இல் ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. லினக்ஸில் ஓடாத கருவியை இப்படிப்பட்ட இடங்களுக்கு விற்பது கடினம்.

கம்ப்யூட்டர் என்றால் மேசையில் இருப்பது மட்டும் இல்லை. ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டுகள், டிக்கெட் கொடுக்கும் இயந்திரங்கள், ரவுட்டர்கள் எனப் பலவற்றில் லினக்ஸ்தான். ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். உங்கள் தராசையோ அளவுமானியையோ தன் இயந்திரத்துக்குள் பொருத்த ஒரு கோயம்புத்தூர்க்காரர் நினைத்தால், அவருடைய முதல் கேள்வி, ‘லினக்ஸ்ல டிரைவர் இருக்கா?’ என்பதாகத்தான் இருக்கும்.

இனி, எல்லோரும் தயங்குகிற இடம். டிரைவரைக் காட்டினால் போட்டியாளர் என் கருவியைக் காப்பியடித்துவிட மாட்டாரா?

எஃப்.டி.டி.ஐ. கதைக்கே திரும்பி வாருங்கள். அவர்களுடைய விண்டோஸ் டிரைவர் பூட்டியே இருந்தது. போலி வராமல் இருந்ததா? போலி செய்தவர்கள் அந்த அசல் டிரைவரையே பயன்படுத்திக்கொள்ளும்படி சிப்பைச் செய்துவிட்டார்கள். கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே யு.எஸ்.பி.யில் என்ன போகிறது என்பதை ஒட்டுக்கேட்க இலவச மென்பொருளே இருக்கிறது. டிரைவரைப் பூட்டுவதால் தடுக்கப்படுபவர் உங்கள் வாடிக்கையாளர்தான்.

உங்கள் உண்மையான ரகசியம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். சென்சரைத் தேர்ந்தெடுத்த விதம், மின் இரைச்சலை வடிகட்டிய சர்க்கியூட், அளவு சரிசெய்யும் முறை. இவை எல்லாம் பெட்டிக்குள், ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருளில்) இருக்கின்றன. டிரைவருக்குத் தெரிந்தது ‘அளவைக் கொடு’, ‘பூஜ்யமாக்கு’ போன்ற கட்டளைகள் மட்டுமே. எதையும் லேசில் காட்டாத என்விடியாகூட 2022 மே மாதத்தில் தன் கிராஃபிக்ஸ் கார்டுகளின் கெர்னல் டிரைவரை வெளியிட்டது. முக்கிய நுட்பங்களை கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேரில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் இருப்பதைத் திறந்துவிட்டது. ஏ.எம்.டி. இந்தப் பாதையில் 2007இலேயே இறங்கியது. அதன் கார்டுகளுக்காக வெளியாட்கள் எழுதிய ராட்வி என்ற டிரைவர் பகுதி நன்றாக அமைந்தது. 2025இல் ஏ.எம்.டி. தன் சொந்தப் படைப்பை நிறுத்திவிட்டு ராட்விக்கே ஆதரவு தருவதாகச் சொல்லிவிட்டது. ஊரார் எழுதியது, நிறுவனம் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

வெளியிடக் கூடாத சமயமே கிடையாதா? உண்டு. டிரைவரில் வேறு நிறுவனத்தின் கோடு கலந்திருந்தால் அது நீங்கள் கொடுக்கக் கூடியது இல்லை. சிப் விற்றவரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ரேடியோ அலை வெளியிடும் கருவி என்றால் அலையின் வலிமையைக் கட்டுப்படுத்தும் பகுதியை டிரைவரில் விடாமல் ஃபர்ம்வேரில் வையுங்கள். அப்போது சட்ட வரம்பை யாரும் எளிதில் மீற முடியாது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வாங்குபவர் அத்தனை பேரும் விண்டோஸ்காரர்கள் என்றால் திறந்த டிரைவரின் பலன் குறையும். விண்டோஸ் 10 முதல், புதிய கெர்னல் டிரைவருக்கு மைக்ரோசாஃப்டின் கையெழுத்து (டிஜிட்டல் ஒப்புதல்) வேண்டும். அதற்குக் கட்டணச் சான்றிதழ் வாங்கித்தான் விண்ணப்பிக்க முடியும். திறந்த கோடு என்பதற்காக அதில் சலுகை இல்லை. இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, இதோ வருகிறேன்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது? முடிந்தவரை டிரைவரே தேவைப்படாதபடி கருவியைச் செய்யுங்கள். யு.எஸ்.பி.யில் சில பொது வகைகள் உண்டு. உங்கள் ஆபீஸில் இருக்கும் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வேலை செய்கிறதே, எப்படி? ‘நான் ஒரு கீபோர்டு’ என்று பொது வகையில் அது தன்னை அறிவித்துக்கொள்கிறது. சீரியல் கருவிக்கும் அப்படி ஒரு பொது வகை இருக்கிறது. லினக்ஸிலும் விண்டோஸ் 10, 11இலும் அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. எடை மெஷினுக்கும் எளிய அளவுமானிக்கும் இதுவே போதும். மைக்ரோசாஃப்ட் கையெழுத்துத் தொல்லையும் இதனால் போய்விடும்.

பொது வகை போதாது, தகவல் வேகமாக ஓட வேண்டும் என்றால்? அப்போதும் கெர்னலைத் தொடாமல் லிப்யு.எஸ்.பி. என்ற திறந்த நூலகத்தின் (தயார்நிலை நிரல்களின் தொகுப்பின்) மேல் எழுதலாம். விண்டோஸ் 8 முதல் வின்யு.எஸ்.பி. என்ற பொது டிரைவர் உள்ளேயே வருகிறது. ஃபர்ம்வேரில் சில விவரங்களைச் சேர்த்தால் கருவியைச் செருகியதும் அதுவே தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதுவும் போதாது என்றால் மட்டும் கெர்னல் டிரைவர். அதற்கு உரிமம் ஜி.பி.எல். 2ஆம் பதிப்பு. அதே கோடை விண்டோஸுக்கும் பயன்படுத்த நினைத்தால் பி.எஸ்.டி., ஜி.பி.எல். என்று இரட்டை உரிமம் கொடுக்கலாம். கெர்னல் அதை ஏற்கும். எழுதியதும் கெர்னலோடு வரும் செக்பேட்ச் என்ற நிரலை ஓட்டுங்கள். எழுத்து நடையிலுள்ள பிழைகளை அது சொல்லும். கெட் மெயின்டெய்னர் என்ற இன்னொரு நிரல், உங்கள் வகைக் கருவிக்குப் பொறுப்பானவரின் மின்னஞ்சலைக் காட்டும். அவருக்கு அனுப்ப வேண்டும். இது என் சொந்த வேலை, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லி, பெயரிட்டுக் கையெழுத்து வரியும் சேர்க்க வேண்டும்.

உடனே சேர்த்துக்கொள்வார்களா? மாட்டார்கள். இங்கே மாற்று, அங்கே மாற்று என்று திருப்பி அனுப்புவார்கள். சில நேரம் வார்த்தை கறாராகவும் இருக்கும். மனம் தளர வேண்டாம். உலகத்தின் தேர்ந்த பொறியாளர்கள் உங்கள் கோடை இலவசமாகப் படித்துப் பிழை சொல்கிறார்கள். இதைக் காசு கொடுத்து வாங்கப் போனால் நம் ஊர்ப் பட்டறை தாங்காது.

யு.எஸ்.பி. அடையாள எண்ணுக்கு எங்கே போவது? நிறுவன எண் ஒன்று சொந்தமாக வாங்க யு.எஸ்.பி. அமைப்புக்கு 6,000 டாலர் கட்ட வேண்டும். ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. பயந்துவிடாதீர்கள். மைக்ரோசிப் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் எண்ணின் கீழ் உங்களுக்கு ஒரு பொருள் எண் ஒதுக்கிக் கொடுக்கின்றன. கருவியையே திறந்த உரிமத்தில் வெளியிடுகிறவர்களுக்கு பி.ஐ.டி. கோட்ஸ் என்ற அமைப்பு இலவசமாகவே எண் தருகிறது. வேறு யாருடைய எண்ணையாவது எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், எஃப்.டி.டி.ஐ. போலிகளின் கதி உங்களுக்கும் வரலாம்.

உங்கள் பெட்டிக்குள்ளேயே லினக்ஸ் ஓடுகிறது என்றால் ஒரு கடமையும் சேர்கிறது. வாங்கியவர் கேட்டால் அந்தக் கெர்னலின் சோர்ஸ் கோடை, நீங்கள் செய்த மாற்றங்களோடு, கொடுத்தாக வேண்டும். லிங்க்ஸிஸை வாங்கிய சிஸ்கோ மீதே 2008இல் இதற்காக வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ஆரம்பத்திலிருந்தே கோடை ஒழுங்காக எடுத்து வைத்தால் இதில் ஒரு சிரமமும் இல்லை.

கடைசியாக, இன்றே செய்யக்கூடியது ஒன்று. அடுத்த கருவிக்குச் சிப் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், விற்பவரிடம் விலையைக் கேட்கும் அதே மூச்சில், ‘இதன் டிரைவர் லினக்ஸ் கெர்னலில் இருக்கிறதா, ஆவணம் ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால், ஐந்து ரூபாய் கூட ஆனாலும் இருக்கிற சிப்பை வாங்குங்கள்.